வேளார் விட்ட வாக்கு

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரி உரக்கடையில் புது வருசத்துக்குக் கொடுத்தது. அரிசி டப்பா மேலேயே கிடந்தது. மகள் பூங்குழலி கோயம்புத்தூருக்கு நர்சு வேலைக்குப் போன பிறகு சாயங்காலத்தில் பேச்சுக்கு ஆளில்லை. எழுதிப் பார்க்கலாம் என்று எடுத்தேன்.

கத்தரி நாற்று நன்றாக வந்திருக்கிறது. அடுத்த வாரம் கொல்லையில் நடலாம்.

மத்தியானம் அய்யனார் கோயில் திருப்பணிக் குழுக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. தலைவர் இவர்தான், என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு சிமெண்டும் கம்பியும் அத்துப்படி. கோயிலைச் சுற்றியிருக்கும் காட்டை வெட்டி, சுற்றுச்சுவர் கட்டி, தரைக்குக் கல் பதித்து, அன்னதான மண்டபமும் கட்டுவதாக முடிவாயிற்று. அந்தக் காட்டுக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான்.

பூசாரி ஆண்டியப்ப வேளார் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"அய்யனாரு ராவுல வேட்டைக்குப் போற காடு இது. இத வெட்டிப்புட்டா அவரு எங்க போவாரு?" என்று கேட்டார்.

குழுவில் ரெண்டு பேர் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "வேளாரே, வெளிநாட்டுலேருந்து பிள்ளைக கார் எடுத்துக்கிட்டு வருதுக. எங்க நிப்பாட்டுவாங்க? சாமி நல்லா இருக்கணும்னுதான செய்யறோம்" என்று தன்மையாகவே சொன்னார்.

காபி கொடுத்துக்கொண்டிருந்த நானும் சும்மா இருக்கவில்லை. "பாம்பு வேற கொல்லைக்குள்ள வருது" என்றேன். பூசாரி என்னைப் பார்த்தார். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஜேசிபி வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது.

கிளாச்செடி, சூரைமுள், காசான் என்று புதர் எல்லாம் ஒரு மணி நேரத்தில் சுருண்டு போயின. உள்ளே இவ்வளவு வெளிச்சம் இருந்ததே இல்லை. கடைசியில் சாமிக்குப் பின்னால் நின்ற வீரைமரத்துக்குப் போனார்கள். எவ்வளவு பழசு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. முதல் இடியில் மரம் அசையவில்லை. ரெண்டாவது இடியில் வேர் பிய்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் பூசாரி ஓடிவந்தார். வேட்டி அவிழ்ந்துவிடும் போல இருந்தது. கையை ஓங்கிக்கொண்டு கத்தினார்.

"இந்தக் காட்ட அழிச்சவன் கொல்லை வெளங்காதுடா!"

சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வண்டி ஓட்டி வந்த பையன் எஞ்சினை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தான். இவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஓட்டு" என்றார்.

ராத்திரி சாப்பாட்டில் ரசம் புளிக்கிறது என்றார். புளிக்கவில்லை.

ஜூன் 14, சனி

கரிச்சான் குருவிகள் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சாயங்காலம் போய்விட்டன.

ஜூன் 17, செவ்வாய்

கத்தரி நட்டு முடித்தோம். பக்கத்துக் கொல்லை இராசாத்தியும் இன்றுதான் நட்டாள். அவளும் நானும் மாற்றி மாற்றி ஒத்தாசை செய்துகொள்வது வழக்கம். காட்டுப்பக்கம் இருந்து வந்த நிழல் இல்லாததால் பத்து மணிக்கே தலை சுட்டது. "பரவால்லக்கா, பாம்புப் பயம் இல்லாமக் குனிஞ்சு நடலாம்" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. சுற்றுச்சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. சிமெண்டுத் தூசி எங்கள் செடி மேலெல்லாம் படிகிறது. களை எடுத்தேன். பூங்குழலி போனில் பேசினாள், நைட் ட்யூட்டியாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செடி பூ விட்டிருக்கிறது. அங்கங்கே தண்டு நுனி மட்டும் வாடித் தொங்குகிறது. கிள்ளிப் பார்த்தால் உள்ளே வெளிர்ச் சிவப்பில் ஒரு புழு. எல்லா வருசமும் கொஞ்சம் இருப்பதுதான். கிள்ளி எடுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கும்பாபிஷேகம்.

இவ்வளவு கூட்டத்தை நம் ஊர் கண்டதில்லை. கும்பகோணத்திலிருந்து வந்த குருக்கள்மார் ஆறு பேர் கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். என்னை முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாம்பழக் கலர்ப் பட்டு எடுத்திருந்தேன், பூங்குழலி பார்த்துச் சொன்னது. மண்டபத்து வாசலில் பதித்த கல்வெட்டில் 'திருப்பணிக் குழுத் தலைவர் ச. அடைக்கலம் – தவமணி' என்று இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. என் பெயரைக் கல்லில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. எல்லோரும் "தலைவர் வீட்டம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

பூசாரி வெளியூர்க் குருக்கள்மாருக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து துன்னூறு கொடுத்தார். "நல்லாருங்க தாயி. அன்னைக்கு ஏதோ ஆத்திரத்துல சொல்லிப்புட்டேன். மனசுல வச்சுக்காதிய" என்றார்.

நான் மனசில் வைத்துக்கொள்ளவே இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் பறிப்பு. காய் நல்ல மினுமினுப்பு.

செப்டம்பர் 16, செவ்வாய்

மூன்றாவது பறிப்பில் பாதிக்கு மேல் சொத்தை. மேலே பார்த்தால் சின்ன ஓட்டை, அறுத்தால் உள்ளே கறுப்பு. கமிஷன் கடைக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். ஆட்டுக்குக் கொட்டினேன்.

இவர் மருந்து வாங்கி வந்து அடித்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மறுபடி மருந்து. கடைக்காரர் இந்தத் தடவை வேறு மருந்து கொடுத்தார், ரெண்டையும் கலந்து அடிக்கச் சொன்னாராம். கொல்லைக்குள் தும்மல் வருகிறது. செடிக்கடியில் செத்த பொறிவண்டுகள் கிடந்தன. புழு சாகவில்லை, அது காய்க்குள் பத்திரமாக இருக்கிறது.

இராசாத்தி கொல்லையும் அதே கதி. வரப்பில் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள்தான் முதலில் சொன்னாள்.

"யக்கா, வேளாரு விட்ட வாக்கு பலிச்சிருச்சு பாத்தியளா?"

"சும்மா இரு புள்ள."

"நான் என்னத்தச் சொன்னேன். கோயிலச் சுத்தியிருக்க கொல்லைதான் எல்லாம் போயிருக்கு. கொளத்துக்கு அங்கிட்டு ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

அது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "ஆமா, அங்கிட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். எழுந்து போய்ப் பூங்குழலிக்குப் போன் போட்டார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஊர்க்கூட்டம் போட்டுப் பூசாரியைப் பரிகாரம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் அதட்டிச் சொல்லவில்லையாம். அவரே ஒத்துக்கொண்டாராம். இரண்டு நாள் பட்டினி கிடந்து, இன்று உச்சி வெயிலில் ஈரத்துணியோடு பொங்கல் வைத்தார். புதுக் கல்தரை கால் வைக்க முடியாமல் கொதித்தது. அதில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நான் விட்ட வாக்க எடுத்துக்க அய்யா, எடுத்துக்க" என்று அழுதார். எழுந்தபோது நெஞ்சில் தோல் சிவந்திருந்தது.

பார்க்க முடியவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்தோம்.

அக்டோபர் 4, சனி

புழு குறையவில்லை.

அக்டோபர் 8, புதன்

வேளாண்மை ஆபீசில் சொத்தைக்காயைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். இன்று பூச்சி ஆராய்ச்சி பண்ணுகிற அம்மா ஒருவர் நேரில் வந்தார். பெயர் ஷகிலா. என் வயதுதான் இருக்கும். இவர் காரைக்குடிக்குப் போயிருந்தார், நான் மட்டும்தான் கொல்லையில் இருந்தேன்.

வந்தவர் முதலில் காயைப் பார்க்கவில்லை. கொல்லையின் நாலு மூலைக்கும் நடந்தார். பிறகு வாடின தண்டுகளைக் கிள்ளி, பிளேடால் பிளந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் புழுதான். "வாங்க, கொளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொல்லையப் பாக்கலாம்" என்று ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு கத்தரிக் கொல்லை. நாம் நட்ட அதே ரகம், அதே வாரத்தில் நட்டது. குளத்துக்கரை முழுக்கப் புதர் மண்டிக் கிடந்தது, அந்தக் கொல்லை அதை ஒட்டியிருந்தது. அங்கேயும் புழு இருந்தது. ஆனால் ஷகிலா பிளந்த தண்டுகள் சிலவற்றில் புழு செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் வெள்ளையாக அரிசிக் குருணை மாதிரி ஒரு கூடு. "இது சின்னக் குளவியோட கூடு. எறும்பு சைஸ்தான் இருக்கும். புழு மேல முட்டை வச்சிரும். குஞ்சு பொரிச்சுப் புழுவைத் தின்னுரும்" என்றார்.

"எங்க கொல்லைக்கு ஏன் அது வரல?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி வந்து எங்கள் வரப்பில் நின்றுகொண்டு, சுற்றுச்சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"காடு. கோயில் காடு."

"எப்ப எடுத்தாங்க?"

"ஆனிக்கு முன்னாடி."

அவர் தலையை ஆட்டினார். "புழுவுக்கு உங்க கத்தரி மட்டும் இருந்தாப் போதும்மா. அதைத் தின்னுற குளவிக்கு அது பத்தாது. அதுக்குக் குடிக்கத் தேன் வேணும், வெயில் காலத்துல ஒதுங்க நிழல் வேணும், வயல் காலியா இருக்கற மாசத்துல தங்கறதுக்கு ஒரு எடம் வேணும். சிலந்தி, குருவி எல்லாத்துக்கும் அப்படித்தான். அந்தக் காடு உங்களுக்கு அதையெல்லாம் வளத்துக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. மிச்சம் இருந்ததும் மருந்துல போயிருக்கும். அது ஒண்ணுதான் காரணம்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல."

மருந்தை நிறுத்தச் சொன்னார். வாடின நுனியையும் சொத்தைக் காயையும் அன்றன்றைக்குப் பறித்து அழிக்கச் சொன்னார். அடுத்த போகத்துக்குக் கத்தரி வேண்டாம், வரப்பெல்லாம் தட்டைப்பயறும் சாமந்தியும் போடுங்கள் என்றார். புதர் திரும்பி வர வருசங்கள் ஆகுமாம்.

போகும்போது, "ஊர்ல பேசணும்னா கூப்பிடுங்க, நான் வந்து சொல்றேன்" என்று நம்பர் கொடுத்தார்.

அக்டோபர் 9, வியாழன்

இவர் காரைக்குடியிலிருந்து வந்து அசந்து தூங்கிவிட்டார். சொல்ல நேரமில்லை.

அக்டோபர் 11, சனி

மருந்து அடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "ஆபீசம்மா சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வேற என்ன சொன்னாங்க?"

"வாடுன நுனியக் கிள்ளிப் போடச் சொன்னாங்க."

கல்வெட்டில் பெயர் போட்டிருக்கிற மனுசரிடம், உங்களால்தான் ஊர்க் கொல்லையெல்லாம் போச்சு என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தாங்காது. அவருக்காகத்தான் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

ரேஷன் கடையில் வரிசை. பூசாரி பின்னால் வந்து நின்றதும் அவருக்கு முன்னால் நின்ற பெண், இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கி மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். அவர் பார்வை படாமல். அவர் அதைப் பார்த்தார். பையைச் சுருட்டிக்கொண்டு அரிசி வாங்காமலே போய்விட்டார்.

நான் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பூங்குழலிக்கு லீவு கிடைக்கவில்லை. இவர் காலையிலிருந்து நாலு தடவை அவளுக்குப் போன் பண்ணினார். "சாப்பிட்டியா, ரோடு கடக்கறப்ப பாத்துப் போ" என்று ஒரே பேச்சு. வயதாக ஆகப் பாசம் கூடுகிறது. கையில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருக்கிறார். எங்கே கட்டினார் என்று கேட்டதற்குச் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார்.

அதிரசம் கொஞ்சம் கருகிவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு தடவை மூடி வைத்துவிட்டு எடுத்தேன்.

சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூசாரி வரப்பில் வந்து நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். கொல்லைக்குள் கால் வைக்கவில்லை. தன் கால் படக்கூடாது என்று நினைத்தார் போல. நான் பொறுக்கிப் போட்டிருந்த குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, ஒன்னக் கேக்கலாம்னு வந்தேன். நீ படிச்ச புள்ள. ஆபீசெல்லாம் போய் வந்ததாச் சொன்னாங்க. நெசமாவே என் வாயாலதான் இது ஆச்சா?"

இராசாத்தி அடுத்த கொல்லையில் நிமிர்ந்து பார்த்தாள். அவள் காதில் விழும் தூரம்தான்.

நான் கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஷகிலா சொன்னது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது.

"எனக்கென்ன தெரியும் பூசாரி" என்றேன்.

"தெரியாதுல்ல" என்றார். "அது எப்படித் தெரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். எதற்குக் கும்பிட்டார் என்று தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ஊர்க்கூட்டம். கோயிலுக்கு வேறு பூசாரி போடுவது என்று முடிவு. வேளார் மறுத்துப் பேசவில்லையாம். மடியிலிருந்து கோயில் சாவியை எடுத்து இவர் கையில் கொடுத்தாராம். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"பாவங்க அவரு" என்றேன்.

"ஊரே சொல்லுது. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

அப்போதும் சொல்லியிருக்கலாம். உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போடப் போய்விட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

பூசாரியும் அவர் சம்சாரம் பொன்னழகும் துவாக்குடிக்குப் போய்விட்டார்கள், மகள் வீட்டுக்கு. மினி வேனில் ஒரு கட்டிலும் பாத்திரங்களும்தான். வேன் எங்கள் கொல்லையைத் தாண்டித்தான் போனது. மழை தூறியது. நான் மோட்டார் ரூமுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

கத்தரியைப் பிடுங்கிப் போட்டோம். உளுந்து விதைக்கிறோம்.

இராசாத்தி சொல்கிறாள்: "வேளாரு போயே ஒரு மாசம் ஆச்சு. இன்னும் என் கொல்லையில புழு இருக்கே, அது எப்படிக்கா?"

நான் விதையைத் தூவிக்கொண்டே நடந்தேன். அவளும் பதிலை எதிர்பார்த்த மாதிரி இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

புதுப் பூசாரி காலையில் பைக்கில் வந்து விளக்கு ஏற்றிவிட்டு அரைமணி நேரத்தில் போய்விடுகிறார். இன்று கோயிலுக்குப் போனேன். கும்பிட நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பூங்குழலி வந்திருக்கிறாள். அவள் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார் இவர். "என்னம்மா அப்பாவுக்கு?" என்று என்னிடம் கேட்கிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் துவாக்குடிக்குப் போனேன்.

பூசாரி மகள் சிவகாமியின் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒண்டுக் குடித்தனம். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். "வாங்கம்மா" என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா அம்மாவோடு கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பா பேசறதே இல்லம்மா" என்றாள்.

"பேசறதில்லன்னா?"

"வேணும்னா ஒரு வார்த்தை. இல்லாட்டித் தலைய ஆட்டுவாரு. என் பையனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. துன்னூறு பூசி நல்லாயிரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பான்னேன். கையெடுத்துக் கும்பிட்டு, என்னைய விட்டுரு ஆத்தான்னு அழுதாரு. வாயத் தொறந்தா ஏதாச்சும் ஆயிருமாம்."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவர் வந்தார். என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். பொன்னழகு என் பக்கமே பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் தரையில் உட்கார்ந்தார். நானும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குளவியைப் பற்றி, அந்தக் கூட்டைப் பற்றி, குளத்துக்கரைக் கொல்லையைப் பற்றி. காட்டில் பூத்ததும் நிழல் தந்ததும்தான் எங்கள் கொல்லையைக் காத்துக்கொண்டிருந்தது என்று சொன்னேன். "நீங்க ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் பூசாரி. ஒங்க வாயில ஒண்ணும் இல்ல."

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகும் ரொம்ப நேரம் தரையில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது அய்யனாரு அனுப்பலியா?"

"இல்ல பூசாரி."

"நான் சொன்னது அவரு காதுல விழவே இல்லியா?"

அவர் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அவர் முகத்தைப் பார்த்தால் எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"எங்க அய்யா காலத்துலேருந்து நாங்கதான் அவருக்கு வெளக்குப் போடறோம்" என்றார். "எனக்குன்னு எதுவும் கேட்டதில்ல. ஆத்திரத்துல ஒண்ணு சொல்லிப்புட்டேன். அதக் கேட்டுப்புட்டாரேன்னு நடுங்கிக் கெடந்தேன். ஆனா கேட்டாருல்ல, அப்படின்னும் இருந்துச்சு தாயி. பொய் சொல்லக்கூடாது. அப்படியும் இருந்துச்சு."

ரயில் ஒன்று போனது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது அதற்கு இரண்டு மூன்று பதில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"புரட்டாசியிலயே தெரியும்."

அவர் உதடு அசைந்தது. புரட்டாசி, ஐப்பசி என்று மாதத்தை எண்ணுகிறார் என்று புரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். "நான் கொல்லைக்கு வந்து கேட்டேனே, அதுக்கு முன்னாடி."

"முன்னாடிதான்."

அடுப்படியில் பொன்னழகு பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அங்கே சத்தமே இல்லை.

"என்னைய வையுங்க பூசாரி. ரெண்டு வார்த்தை வஞ்சுருங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"வஞ்சா என்ன ஆவும்?" என்றார். சிரிக்கிற மாதிரி முகம் கோணியது. "என் வாயில ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன."

வையவில்லை. பேரன் வெளியிலிருந்து ஓடிவந்து அவர் மடியில் விழுந்தான். அவனை அணைத்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்க்காமல், "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு ஆத்தா" என்று மகளிடம் சொன்னார். பொன்னழகு இலை போடவில்லை. சிவகாமிதான் போட்டாள். சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

பூங்குழலியைக் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு இவரிடம் சொன்னேன். துவாக்குடிக்குப் போனது, ஷகிலா சொன்னது, எப்போது சொன்னது, எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். காட்டை வெட்டினது தப்பு என்று எவ சொன்னது என்பார், கல்வெட்டில் உன் பெயரும்தானே இருக்கிறது என்பார். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன்.

அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப வேளாரு வாக்கு இல்லியா அது?"

"இல்லங்க."

"நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மரத்தில் வண்டியை விடச் சொன்னது அவர். கொல்லையில் ஆரம்பித்தது வீட்டுக்குள் வரும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தீபாவளிக்கு நாலு தடவை போன், கறுப்புக் கயிறு, பொங்கலுக்கு அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தது, எல்லாம் அதுதான். நான் பாசம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"இத்தன மாசமா அவ போன எடுக்கலன்னா என் உசுரு என் கையில இல்ல தவமணி" என்றார். அழவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்களுக்கு அசிங்கமாயிருமேன்னுதான். ஊருக்கு முன்னாடி."

"எனக்கா?" என்றார்.

நான் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அசிங்கமாத்தான் இருந்திருக்கும். ரெண்டு நாள் தலை குனிஞ்சு நடந்திருப்பேன். ஆனா அந்த மனுசனப் போக விட்டிருக்க மாட்டேன்."

அவர் இப்போது சும்மா சொல்கிறார் என்று நினைக்க முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இருபத்தாறு வருசம் கூட இருந்திருக்கிறேன். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.